ரப்பர் சூப்பானும் பால் பற்களும்

நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வருகிற தை மாதத்தில் மூன்று வயது நிறைகிறது. ஆறாம் மாதம் முதற்கொண்டே பையனுக்கு ரப்பர் சூப்பான் பழக்கம். இரவில் அது வாயில் இல்லாவிடில் உறக்கம் கொள்ள மாட்டான். பகலிலும் அழுகை வந்தால் அதையே தேடுகிறான். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, பையன் சிரிப்பதைப் பார்த்த நாத்தனார், "மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே இவ்வளவு சந்து விழுந்திருக்கிறதே! பிள்ளையின் முகத்தையே கெடுத்துவிட்டாயே!" என்றாராம். மாமியாரோ, "அதெல்லாம் பால் பல். விழுந்து முளைக்கப் போகிற பல்லுக்கு என்ன விசாரம்?" என்று மருமகளுக்குப் பரிந்து பேசினாராம். இருவரில் யார் சொல்வது மெய் என்பது சகோதரியின் கேள்வி. கடிதத்தின் முடிவில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: "இங்கே கையுதவிக்கு ஆளில்லாமல் நான் செய்தது குற்றமா?"

இக்கேள்விகள் அவர் ஒருவருடையவை அல்ல. ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்தும் நம்மவர் வீடுகளில் சூப்பான் இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. கடைக்காரர் அதைப் 'பேசிஃபையர்' என்கிறார். ஹிந்தி பேசும் அண்டை வீட்டார் 'சூஸ்னி' என்கிறார்கள். நம் வீடுகளில் சூப்பான் என்றும் நிப்பிள் என்றும் வழங்குகிறது. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. ஆதலின் இம்மாதம் இதனையே எடுத்துக்கொள்வோம். நாம் வைத்தியரல்லோம். பல் வைத்தியர்களைக் கேட்டும், அவர்களுடைய கழகங்கள் வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதல்களைப் படித்தும் அறிந்ததை எளிய முறையில் தொகுத்துத் தருவதே நம் வேலை.

சூப்புவது குற்றமன்று

சூப்புவது குழந்தையின் பிறவிக் குணம். தாயின் கருப்பையில் இருக்கும்போதே சிசு தன் விரலைச் சூப்புவதை ஸ்கேன் படங்களில் காண்கிறோம். பசி தீர்வதற்காக மட்டும் குழந்தை சூப்புவதில்லை. பசியில்லாதபோதும் சூப்பினால் அதற்கு ஓர் அமைதி உண்டாகிறது. இதை உலகெங்கும் தாய்மார்கள் நெடுங்காலமாக அறிவார்கள். 1506-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் தீட்டிய மேரி மாதா படம் ஒன்றில், குழந்தை இயேசுவின் கையில் துணியை முடிச்சிட்ட சூப்பான் ஒன்று இருக்கிறது. ரப்பர் காம்பு, வாய்க்கு வெளியே நிற்கும் தகடு, பிடித்துக்கொள்ள வளையம் என்ற இன்றைய உருவம் 1900-இல் அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்டது. நம் பாட்டிமார் வசம்பைக் கோத்துக் கையில் கட்டினார்கள். மரப்பாச்சியைக் கையில் கொடுத்தார்கள். குழந்தை அவற்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கும்.

சூப்பானால் நன்மையும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. குறைமாதத்தில் பிறந்து, குழாய் வழியே பால் பெறும் குழந்தைக்குச் சூப்பும் பழக்கம் வருவதற்கு ஆஸ்பத்திரிகளிலேயே இதைப் பயன்படுத்துகிறார்கள். தடுப்பூசி போடும் சமயத்தில் வலி தணிவதற்கும் இது உதவுகிறது. உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் சிசு இறந்துபோகும் தொட்டில் மரணம் என்னும் அபாயம், முதல் ஆண்டில் சூப்பானுடன் உறங்கும் குழந்தைகளுக்குக் குறைவாகக் காணப்படுவதால், அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் உறங்கும் வேளையில் அதைக் கொடுக்கலாம் என்றே கூறுகிறது. ஆனால் தாய்ப்பால் குடிப்பது நன்றாக நிலைபெற்ற பிறகே கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பிறந்த சில நாட்களிலேயே ரப்பர் காம்பைக் கொடுத்துவிட்டால், பசிக்கு அழும் அழுகைக்கும் ரப்பரே பதிலாகிவிடும். தாயிடம் பால் சுரப்பதும் குறையும். தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளுக்குப் பல்வரிசைக் கோணல் குறைவு என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும்போது நாவும் தாடையும் செய்யும் வேலை வேறு. ரப்பரைச் சூப்பும்போது செய்யும் வேலை வேறு.

பல்லை நகர்த்துவது எது?

பல் என்பது எலும்பில் ஆணி அறைந்தாற்போல் இறுகி நிற்பதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல்லின் மீது ஒரு பக்கத்திலிருந்து இலேசான அழுத்தம் நீடித்து வந்தால், அது தள்ளும் திசையில் உள்ள எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பின்புறத்தில் புது எலும்பு வளர்கிறது. பல்லும் மெல்ல இடம் பெயர்கிறது. பற்களுக்குக் கம்பி கட்டிச் சீராக்கும் வைத்தியர்கள் இந்த இயல்பைக் கொண்டுதான் தங்கள் வேலையைச் செய்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், பல்லை நகர்த்துவது அழுத்தத்தின் பலம் அன்று, அதன் நேரமே. முறுக்கைக் கடிக்கும்போது பல்லின் மீது விழும் பாரம் மிகப் பெரிது. ஆயினும் அது கண நேரத்துப் பாரம், பல் அசைவதில்லை. சூப்பானின் பாரமோ அற்பம். ஆனால் அது இரவு முழுவதும் நீடிக்கிறது. நாளொன்றுக்கு 4 முதல் 8 மணி நேரம் வரை தொடர்ந்து இருக்கும் இலேசான அழுத்தமே பல்லை நகர்த்தப் போதும் என்று பல்வரிசைச் சீரமைப்பு நூல்கள் கூறுகின்றன. ஊசி போடும்போது ஐந்து நிமிஷம் சூப்பும் குழந்தைக்கும், மாலை முதல் காலை வரை வாயில் வைத்திருக்கும் குழந்தைக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

நெடுநாட் பழக்கத்தால் உண்டாகும் கோளாறுகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, முன்பற்கள் கூடாமை. கடைவாய்ப் பற்களைக் கடித்து மூடினாலும் மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே சந்து நிற்கும். ரப்பர் காம்பு நடுவில் இருப்பதால் முன்பற்கள் முழு உயரத்துக்கு முளைத்து ஒன்றையொன்று எட்டிச் சேர முடிவதில்லை. பல குழந்தைகளுக்கு இந்தச் சந்து சூப்பானின் வடிவத்தையே ஒத்து வட்டமாக இருக்கும். உண்ணும்போது முன்பல்லால் தோசையைக் கடித்து எடுக்க இயலாமல் குழந்தை பக்கவாட்டில் வைத்துக் கடிக்கும்.

இரண்டாவது, மேற்பற்கள் முன் தள்ளி நிற்றல். விரல் சூப்பும் குழந்தைகளுக்கு இது அதிகம், சூப்பானாலும் வரும். முன் தள்ளிய பல், ஓடி விழும் வயதில் முதலில் அடிபடும் பல்லாகவும் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, பக்கவாட்டுக் கோணற்கடி. இது வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆனால் மூன்றிலும் அதிகக் கவனம் வேண்டுவது இதுவே. இயல்பாக நம் மேல் பல்வரிசை கீழ் வரிசையைவிடச் சற்று அகலமானது. சம்புடத்தின் மேல் மூடி போல் கீழ் வரிசையைத் தழுவி நிற்கும். மேல் வரிசைக்கு அந்த அகலத்தைத் தருவது நாவு. வாய் மூடியிருக்கும் நேரமெல்லாம் நாவு அண்ணத்தின் மீது படிந்து உள்ளிருந்து தாங்குகிறது. கன்னங்கள் வெளியிலிருந்து அழுத்துகின்றன. இரண்டும் சமமாக இருக்கும்போது வரிசை சரியாக வளரும். வாயில் சூப்பான் இருந்தால் நாவு கீழே தள்ளப்படுகிறது. உள்ளிருந்து தாங்குவார் இல்லை. சூப்பும் கன்னங்களோ முன்னிலும் அதிகமாக உள்வாங்கி அழுத்துகின்றன. மேல் வரிசை குறுகுகிறது. மூடி சம்புடத்தைவிடச் சிறிதாகிவிட்டால் என்ன ஆகும்? குழந்தை கடிப்பதற்கு ஓர் இடம் தேடித் தன் கீழ்த்தாடையை ஒரு பக்கமாக நகர்த்திக்கொள்கிறது. வளரும் தாடை நாள்தோறும் அப்படியே நகர்ந்து நின்றால், முகமும் அந்தப் பக்கமாகவே வளர இடமுண்டு.

விழுவது பல், தாடை அன்று

இப்போது சகோதரியின் முதற் கேள்விக்கு வருவோம். மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பால் பற்கள் 20. பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டிக் கீழ் முன்பற்கள் தோன்றுகின்றன. மூன்று வயதுக்குள் இருபதும் முளைத்துவிடுகின்றன. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை அவை ஒவ்வொன்றாக விழுந்து நிரந்தரப் பற்கள் வருகின்றன. ஆனால் விழுவது பல்தான், தாடை விழுவதில்லை. குறுகிய அண்ணம் குறுகியபடியே இருக்க, அதன் மீது அகலமான புதுப் பற்கள் இடம் தேடி வருகின்றன. அன்றியும் ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல், எந்தப் பால் பல்லும் விழுந்த இடத்தில் முளைப்பதன்று. இருக்கும் பால் பற்களுக்குப் பின்னால் அது புதிதாக வருகிறது. முன்னே நிற்கும் வரிசை எப்படியோ, அதையொட்டித்தான் அது தன் இடத்தைப் பிடிக்கிறது. வரிசையின் தலையிலே நிற்பவர் கோணலாக நின்றால் பின்னால் வருபவர் நேராக நிற்பது அரிது.

நாத்தனார் சொல்வதிலும் பாதிதான் உண்மை. முகம் கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு இரண்டே முக்கால் வயது மிக இளம் வயது. இந்த வயதில் பழக்கம் நின்றால், முன்பற்களின் சந்து சில மாதங்களில் தானாகவே குறைந்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு மூடிவிடுகிறது. எந்த நார்ப்படலமும் எலும்பும் சூப்பானுக்கு இடம் கொடுத்தனவோ, அவையே உதட்டின் இயல்பான அழுத்தத்துக்கும் இடம் கொடுத்துப் பல்லைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. பக்கவாட்டுக் கோணற்கடி மட்டும் அவ்வளவு எளிதாகத் தானே திரும்புவதில்லை. அதனால்தான் நாள் கடத்தலாகாது என்கிறோம்.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் மூன்றரை வயதுப் பெண் குழந்தைக்குப் பழக்கத்தை விடுவித்தார்கள். முன் சந்து வருஷம் திரும்புவதற்குள் ஏறத்தாழ மூடிவிட்டது. வலப்பக்கத்துக் கோணற்கடி மட்டும் நின்றது. அண்ணத்தை மெல்ல விரிக்கும் கருவி ஒன்றைப் பல் வைத்தியர் சில காலம் கழித்துப் பொருத்தப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணத்தின் நடுக்கோட்டில் இரண்டு எலும்புகள் கூடும் பொருத்து, சிறு வயதில் இறுகாமல் இருக்கிறது. ஆகவே வளரும் வயதில் இந்தச் சிகிச்சை எளிது. வளர்ந்து முடிந்தபின் கடினம். ஆறு மாதம் முன்னதாக விட்டிருந்தால் இந்தச் செலவும் அலைச்சலும் வேண்டியிராதோ என்பது அந்தப் பெற்றோரின் மனக்குறை.

வயதுக் கணக்கு

வைத்தியர்கள் கூறும் வயதுக் கணக்கைச் சுருக்கமாகத் தருகிறோம். முதல் ஆண்டில் உறங்கும் வேளைக்கு மட்டும் சூப்பான் இருந்தால் பல்லுக்குக் கவலையில்லை. ஆறு மாதத்துக்குப் பின் அடிக்கடி காதில் சீழ் பிடிக்கும் குழந்தையாயின் அப்போதே குறைத்துவிடுவது நலம். சூப்பான் பழக்கத்துக்கும் நடுக்காது அழற்சிக்கும் தொடர்பு உண்டு. இரண்டு வயதுக்குள் நின்றுவிட்டால் உண்டான மாறுதல் பெரும்பாலும் மிச்சமின்றி மறையும். இரண்டிலிருந்து மூன்றுக்குள் விடுவிப்பதே நல்ல தருணம். அமெரிக்கக் குழந்தைப் பல் வைத்தியக் கழகம் 36 மாதத்துக்குள், கூடுமானால் அதற்கு முன்பே, பழக்கம் நிற்க வேண்டும் என்கிறது. நான்கு வயதுக்கு மேலும் நீடித்தால் கோளாறு நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம். பல குழந்தைகள் இரண்டுக்கும் நான்குக்கும் இடையே தாமாகவே விட்டுவிடுகிறார்கள் என்பது ஆறுதலான செய்தி.

"பல்லுக்கேற்ற வடிவம்" என்று எழுதி அதிக விலைக்கு விற்கும் சூப்பான்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். காம்பு மெல்லியதாக இருந்தால் சந்து சற்றுக் குறையலாம். ஆயினும் வயதையும் நேரத்தையும் மீறினால் எந்த வடிவமும் பல்லைக் காக்காது.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் மடியில் அமர்த்தி, கடைவாய்ப் பற்களைக் கடித்துக்கொண்டு "ஈ" என்று சிரிக்கச் சொல்லுங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களின் மீது சிறிது படிந்திருக்க வேண்டும். நடுவே நாவின் நுனி தெரிந்தால் சந்து இருக்கிறது. பிறகு இரு பக்கத்துக் கடைவாயையும் பாருங்கள். மேற்பற்கள் வெளிப்புறமாகவும் கீழ்ப்பற்கள் உட்புறமாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இது தலைகீழாக இருந்தாலோ, வாயை மூடும்போது மோவாய் ஒரு பக்கமாக நகர்ந்தாலோ, பல் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

நம் வீடுகளின் நிலைமை

நிற்க. வைத்தியர் சொல்வதைச் சொல்லிவிட்டோம். அதை நடத்த வேண்டியது தாய். அவள் நிலைமையையும் பார்க்க வேண்டும் அன்றோ?

ஊரிலே குழந்தை அழுதால் எடுக்கப் பத்துக் கைகள் உண்டு. பாட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு திண்ணைக்குப் போவாள். அத்தை மாடு காட்டுவாள். எதிர்வீட்டுச் சிறுமி தூக்கிக்கொண்டு ஓடுவாள். உத்தரத்தில் தூளி கட்டியிருக்கும்; போகிறவர் வருகிறவரெல்லாம் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். இங்கேயோ இரண்டே அறை. தூளி கட்ட உத்தரம் இல்லை. கொக்கி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. சுவருக்கு அப்பால் வேற்று மொழி பேசும் குடும்பம். நள்ளிரவு அழுகைக்கு மறுநாள் அவர்கள் முகத்தில் விழிக்கக் கூச்சம். இரவுப் பணி முடிந்து வந்த கணவர் பகலில் உறங்கியாக வேண்டும். தாயும் வேலைக்குப் போகிறவளானால் சொல்ல வேண்டியதே இல்லை. இவ்வளவுக்கும் நடுவே ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ கொடுத்தால் வீடு நிசப்தமாகும் என்னும்போது அவள் வாங்காமல் இருப்பாளா?

விடுமுறைக்கு ஊர் செல்லும் ரயில் பிரயாணமும் அப்படியே. டில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ ஒன்றரை நாள். பெட்டி முழுவதும் பிறர். குழந்தை அழத் தொடங்கியதும் தலைகள் திரும்புகின்றன. அப்போது சூப்பானைக் கொடுப்பதில் தவறொன்றும் இல்லை. ஊரில் இறங்கிய பின்பும், திரும்பி வந்த பின்பும், பிரயாணத்து வழக்கமே வீட்டு வழக்கமாக நின்றுவிடுவதில்தான் தவறு இருக்கிறது.

பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் குழந்தைகள் வீட்டில் தமிழும், தெருவில் ஹிந்தியோ மராத்தியோ வங்காளமோ, பள்ளியில் ஆங்கிலமும் கேட்கிறார்கள். பேச்சுச் சற்றுத் தாமதித்தால் பல மொழிகளின் மீது பழியைப் போடுகிறோம். பல மொழிகளைக் கேட்பதனால் குழந்தைக்குப் பேச்சுக் கெடுவதில்லை. ஆனால் வாயில் அடைப்பு இருக்கும் நேரமெல்லாம் பேச்சுப் பழகாத நேரமே. முன்பல் சந்தின் வழியே நாவு வெளியே வருமானால் 'ச', 'ஸ' முதலிய ஒலிகள் தெளிவாக எழுவதும் கடினம். பகலில் விளையாடும் வேளையில் சூப்பான் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடுவிக்கும் வழி

ஒரே நாளில் பிடுங்கி எறிவதைவிடப் படிப்படியாகக் குறைப்பது பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. முதல் வாரத்தில், வெளியே போகும்போது சூப்பான் கூட வராது என்று வையுங்கள். அடுத்த வாரத்தில், பகல் விளையாட்டு நேரத்தில் அது கண்ணுக்குப் படாமல் பெட்டிக்குள் இருக்கட்டும். அதன் பிறகு உறக்கத்துக்கு மட்டும். குழந்தை உறங்கியதும் மெல்ல வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். அழுத்தத்தின் நேரம் பாதியாகக் குறையும். கடைசியில் இரவையும் விடலாம். அப்போது இரண்டு மூன்று இரவுகள் அழுகை இருக்கும். அந்த இரவுகளில் தகப்பனாரும் விழித்திருக்க வேண்டும். கூடுமானால் அவர் விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும். தாய் ஒருத்தியின் பொறுப்பாக விட்டால் மூன்றாம் இரவில் சூப்பான் திரும்ப வந்துவிடும்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். மாற்றலாகி வீடு பெயரும் மாதம், தம்பியோ தங்கையோ பிறந்த மாதம், பள்ளியில் சேர்க்கும் வாரம், காய்ச்சல் கண்ட சமயம் ஆகியவை இதற்கு உகந்தவை அல்ல. வேப்பெண்ணெய் தடவுவது, மிளகாய் தேய்ப்பது, பிறர் எதிரில் கேலி செய்வது முதலியன வேண்டாம். பயந்த குழந்தை ஆறுதலுக்காக மேலும் சூப்பும். ரப்பர் கிடைக்காவிட்டால் விரலைப் பிடித்துக்கொள்ளும். ரப்பரையாவது பெட்டியில் வைத்துப் பூட்டலாம். விரலை என்ன செய்வது?

எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். ஒரு தலையணைக் கந்தையோ, மரப்பொம்மையோ, இரவுக்கு ஒரு கதையோ போதும். ஊரிலுள்ள பாட்டி கைபேசியில் முகம் காட்டி உறங்கும் நேரத்துக் கதை சொல்வாரானால் மிகவும் நன்று. ஆனால் சூப்பானைப் பிடுங்கிவிட்டுக் கைபேசியையே குழந்தை கையில் கொடுத்துவிட்டு அப்பால் போவது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது போன்றது.

விடுவிக்கும் வரையில் சில எச்சரிக்கைகளும் அவசியம். தேனிலோ சர்க்கரையிலோ தோய்த்துக் கொடுக்கலாகாது. முளைத்த பல்லில் சொத்தை விழும். ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுவுக்குத் தேன் உயிருக்கே அபாயமான நோயைத் தரக்கூடும். ரயில் பெட்டியில் கீழே விழுந்ததைத் தாய் தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுப்பதும் கூடாது. நம் வாயிலுள்ள சொத்தைக் கிருமிகள் குழந்தை வாய்க்குக் குடிபோகும். ஒன்றுக்கு இரண்டாகக் கொதிநீரில் சுத்தம் செய்து மூடிய டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுவது, உறக்கத்தில் இறுக்கிவிடும் அபாயமுள்ளது. பால் புட்டியின் காம்பைக் கழற்றிப் பஞ்சடைத்துச் சூப்பானாகக் கொடுப்பதும் அப்படியே. பஞ்சும் காம்பும் பிரிந்து தொண்டையில் அடைக்கும். தகடு குழந்தையின் வாயைவிட அகலமாகவும், காற்றுத் துளைகள் உடையதாகவும் இருக்க வேண்டும். ரப்பர் கிழிந்தாலோ பிசுபிசுத்தாலோ எறிந்துவிடுங்கள்.

முதற் பிறந்த நாளுக்குள் குழந்தையை ஒரு முறை பல் வைத்தியரிடம் காட்டுவது நல்லது என்று இப்போது சொல்கிறார்கள். தனியாரிடம் செலவு அதிகம் என்று அஞ்ச வேண்டாம். பம்பாயில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரியும் நாயர் ஆஸ்பத்திரியின் பல் மருத்துவக் கல்லூரியும், கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரியும், டில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிலையமும், நாகபுரியில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. வெளிநோயாளிகளை அங்கே குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். குழந்தைப் பல் வைத்தியத்துக்குத் தனிப் பிரிவும் உண்டு. மொழி தெரியவில்லை என்று தயங்கும் தாய்மார்களுடன் துணைக்குச் செல்ல நம் சங்கத்தில் ஆள் இல்லாமற் போகாது.

சகோதரியின் இரண்டாவது கேள்விக்கும் நம் விடையைச் சொல்லிவிடுகிறோம். கையுதவி இல்லாத இடத்தில் கிடைத்த உதவியைப் பற்றிக்கொண்டது குற்றமாகாது. அந்த உதவியின் தவணை முடிந்துவிட்டது, அவ்வளவே. தை பிறப்பதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. மகனின் மூன்றாம் பிறந்த நாளுக்குள் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு இன்றே பகல் நேரத்திலிருந்து தொடங்கட்டும். பக்கவாட்டுக் கடியையும் ஒரு முறை வைத்தியரிடம் காட்டிக்கொள்ளட்டும்.

மற்ற நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரக் குழந்தைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் பெரியவர்கள் நம் குடியிருப்புகளில் பலர் இருக்கிறார்கள். பகலெல்லாம் பேச்சுத் துணையின்றி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த கட்டிடத்தில் ஒரு தாய் மூன்று இரவுகளாக உறங்காமல் குழந்தையைச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறாள். மாலையில் ஒரு மணி நேரம் அந்தக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள இவர்களுக்கும் மகிழ்ச்சியே உண்டாகும். இரு சாராரையும் அறிமுகப்படுத்தி வைப்பது சங்கத்தின் மாதர் பிரிவுக்கு எளிதான காரியம்.

பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைகளுக்கு உண்டாகும் பற்சொத்தையைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவோம்.